அரைக்கட்டை

பெம்பினா சாலையில் மனிதர் யாரும் வெளியே நிற்காத
ஒரு ஜனவரியில்
நூற்றிருபது டாலருக்குக் கிட்டார் வாங்கினேன்.
விற்றவன் வீடு காலி செய்துகொண்டிருந்தான்.
"சுருதி சேர்த்துதான் இருக்கு" என்றான்
என் கார் கதவைச் சாத்தியபடி.
நம்பினேன்.
வின்னிபெக்கில் பேருந்து ஓட்டுகிறவள்
பனிக்கு அடியில் சாலை இருப்பதையே
நம்பித்தான் ஓட்டுகிறாள்.

ஆறு கம்பிகள். தடித்ததும் ஈ, மெலிந்ததும் ஈ,
இடையில் நால்வர்.
மனப்பாடத்துக்கு நானே ஒரு வாக்கியம் கட்டினேன்:
ஈயே, ஏன்டி ஜீனியை விட்டுப் பீயில் உட்கார்ந்தாய், ஈயே?
ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ.
அசிங்கம்தான்.
ஒருநாளும் மறக்கவில்லை.

கழுத்துக் கட்டைமேல் பித்தளைக் கோடுகள்.
அவற்றை நிறுத்தங்களாக்கிக் கொண்டேன்.
ஈயில் புறப்பட்டால் அடுத்த நிறுத்தமே எஃப்.
எஃபுக்கும் ஜிக்கும் நடுவே ஒன்று உண்டு,
அதற்குச் சொந்தப் பெயர் கிடையாது.
இந்தப் பக்கத்தார் எஃப் ஷார்ப் என்பார்கள்,
அந்தப் பக்கத்தார் ஜி ஃப்ளாட்,
இரண்டு வார்டுக்காரர்களும் உரிமை கொண்டாடும் தெரு.
பியும் சியும் ஒட்டுச் சுவர்.
ஏன் என்று கேட்கிற வயதைத் தாண்டிவிட்டதால்
கேட்கவில்லை.
பன்னிரண்டாவதில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்,
மறுபடி புறப்பட்ட இடத்தின் பெயர்.
பெயர் அதேதான்,
அங்கிருந்து பார்த்தால் ஊர் கொஞ்சம் உயரத்தில் தெரிகிறது.

கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம் ஓய்வு.
ஸ்டீயரிங்மேல் இடது கை நான்கு விரலும்
இல்லாத கம்பியை அழுத்தும்.
மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது.
விரல் நுனித் தோல் வெங்காயச் சருகாய் உரிந்தது.
வீட்டு வெப்பக்காற்றில் மரம் சுருங்கி
பித்தளை முனைகள் வெளியே நீட்டி
உள்ளங்கையைக் கீறின.
கட்டைக்கும் எனக்கும்
ஒரே களிம்பு போதுமா என்று யோசித்ததுண்டு.

பிறகு எனக்கு மணி பிடித்தது.
இறங்குகிறவர்கள் கயிற்றை இழுத்தால் அடிக்குமே, அந்த மணி.
ஒரு நாளைக்கு முந்நூறு முறை கேட்கிறேன்,
அதன் பெயர் தெரியாமல் எத்தனை நாள் ஓட்டுவது?
காதில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்து
கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஒவ்வொரு நிறுத்தமாகத் தட்டினேன்.
மெல்லிய ஈ, மூன்றாவது கட்டம்.
ஜி!
அன்று சோறு வடிக்க மறந்து குழைந்துபோயிற்று.

கிளாரினெட் பெட்டியோடு தினமும் ஏறுகிற சிறுமி,
லியனோரா,
பெட்டிக்கு முதலில் இருக்கை தேடிவிட்டுத்தான் தான் உட்காருவாள்.
அவளிடம் பீற்றிக்கொண்டேன்:
"இந்த மணி ஜி, தெரியுமா?"
அவள் கையுறையைக் கழற்றி
கயிற்றை இழுத்து
தலையைச் சாய்த்தாள்.
"எஃப் ஷார்ப்."
யாரும் இறங்காத நிறுத்தத்தில்
கதவு திறந்து குளிர் ஏறிக்கொண்டது.

எட்டு டாலரில் ஒரு சுருதிக் கருவி,
கட்டைவிரல் அளவு, பச்சைக் கண்.
தடித்த ஈயைத் தட்டினேன். இல்லை என்றது.
ஏ இல்லை. டி இல்லை.
ஆறு பேருமே அரைக்கட்டை கீழே.
இரண்டு மாதம் எல்லோரையும்
அடுத்த வீட்டுக்காரன் பெயர் சொல்லி அழைத்திருக்கிறேன்.
ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.
தங்களுக்குள் இடைவெளி மாறாமல்
ஒரு குடும்பமே படியிறங்கி
கீழ்வீட்டில் குடியிருந்திருக்கிறது.

திருகாணிகளை முறுக்கினேன்,
அறுந்து கண்ணில் அடிக்குமோ என்று முகத்தைத் திருப்பியபடி.
முனகிக்கொண்டே ஏறினார்கள்.
மணி இப்போது இரண்டாவது கட்டத்தில்,
பெயரில்லாத அந்தத் தெருவில்.

தடித்த ஈ மட்டும் தங்குவதில்லை.
இரவு மைனஸ் முப்பத்தைந்துக்குப் போனால்
அதுவும் இறங்கிவிடுகிறது
பழைய இடத்துக்கு.
காலை நாலரைக்கு எழுந்து
டீ கொதிப்பதற்குள்
அதை ஏற்றிவிட்டு
பேருந்தைக் கிளப்பப் போகிறேன்.