கடைமடை

ஏலத்தில் எடுக்கும்போதே சொன்னார்கள்
எண்பத்து மூன்றாம் வருஷத்து புல்லட்
வார்ப்பிரும்பு பேரல்
சித்திரையில் இதன்மேல் உட்கார்வதும்
எரிகிற அடுப்பில் உட்கார்வதும் ஒன்று என்று.

லஸ்கருக்கு வேலை கரைமேல்.
மதகுக்கு மதகு, இரண்டாம் கியரில்,
ஆடு மேய்கிற வேகம்.
அந்த வேகத்தில் என்ஜினுக்கு ஏது காற்று?
கொரடாச்சேரி தாண்டினால் சத்தம் மாறும்,
தகர டப்பாவில் புளியங்கொட்டை போட்டு
யாரோ ஆட்டுவதுபோல.

கூத்தாநல்லூர் ஜெகபர் சாதிக்
லேத்தை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தான்.
"ஆயில் வெந்துபோவுதுண்ணே."
முகம் நசுங்கிய பல்சர் ஒன்றிலிருந்து
கூலரைக் கழற்றி வைத்திருந்தான்.
இடுக்குகள் முழுக்கச் செத்த ஈசல்.
எண்ணூறு ரூபாய்.
ஈசலுக்குத் தள்ளுபடி இல்லை என்றான்.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு
பல் துலக்கும் பிரஷ்ஷால்
இரண்டு மணி நேரம் நான்தான் தேய்த்தேன்.
இறக்கைகள் தனியாக வந்து மிதந்தன.

சட்டத்தின் முன்குழாயில் ரெண்டு கிளாம்ப்,
அதிர்வுக்கு சைக்கிள் டியூப் பட்டை.
பம்பிலிருந்து ராக்கருக்கு ஏறும்
மெல்லிய குழாயை நடுவில் அறுத்தபோது
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
நாற்பது வருஷமாக யாரும் தொடாத குழாய்.
அரசாங்க வண்டி, யார் தொடப்போகிறார்கள்.

"பாதை நீளுதே ஜெகபர்,
மேல வரைக்கும் ஏறுமா?"
"ராக்கர்தாண்ணே கடைமடை.
பம்பு கொஞ்சம் சோதா. பாப்போம்."

அந்த ஒரு சொல்லை
அவன் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

முதல் உதைக்கே இணைப்பில் கசிந்தது.
செம்பு வாஷரைக் கழற்றி
தீயில் சிவக்கவிட்டுத் தண்ணீரில் போட்டான்.
"எஃகு இப்பிடிப் போட்டா முறுக்கிக்கும்.
செம்பு இளகிக்கும்."
என் மச்சினர்கள் இருவர் ஞாபகம் வந்தார்கள்.
சொல்லவில்லை.

மறுபடி மாட்டி,
ராக்கர் மூடிப் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி
உதைத்தான்.
வண்டி ஓட ஓட
குனிந்து அந்த இடத்தையே பார்த்தேன்.
பத்து எண்ணினேன்.
காய்ந்த இரும்பு.
இருபது.

மேட்டூர் திறந்து பதினெட்டு நாள்.
தலைஞாயிறுப் பக்கத்து வைரக்கண்ணு
காலை ஆறுக்கெல்லாம் போன் போடுகிறார்.
"வந்துடுச்சா சார்?"
"வந்துகிட்டே இருக்கு."
பதினெட்டு நாளும் அதே கேள்வி
பதினெட்டு நாளும் அதே பதில்
அவருடைய நாற்றங்கால் எப்படி இருக்கிறதென்று
நான் கேட்டதில்லை.

முப்பது.
ஜெகபர் சாவியில் கை வைத்துவிட்டான்.
"அணைச்சுடவாண்ணே? கடிச்சுக்கும்."
"வந்துகிட்டே இருக்கு" என்றேன்
பழக்கத்தில்.

முப்பத்தேழில் ஒரு குமிழ்.
அப்புறம் நுரை.
அப்புறம் தேன் நிறத்தில் ஒரே ஒரு சொட்டு
மரையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து
மூடியில் வழிந்தது.
துடைக்கத் துணி நீட்டினான்.
இருக்கட்டும் என்றேன்.

பணத்தை எண்ணிக்கொண்டே சொன்னான்,
"நாப்பதுல போனாத்தாண்ணே கூலரு வேலை செய்யும்."
கரைமேல் நாற்பதில் போனால்
நான் வெண்ணாற்றுக்குள்தான் கிடப்பேன்.

ஆனாலும் ஆனி மாதம்.
கிழக்கே போகையில்
மேலக்காற்று முதுகில், கூலர் சும்மா தொங்குகிறது.
திரும்புகையில் அதே காற்று
நேராகத் தகடுகளில் அறைகிறது.
நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன்.
நுழையும் குழாயில் விரல் வைக்க முடியவில்லை.
வெளிவரும் குழாயில்
ஒன்று, இரண்டு, மூன்று வரை வைக்க முடிகிறது.

மறுநாள் ஆறு மணி.
கடைசி ரெகுலேட்டர் பக்கம், வண்டி ஓடிக்கொண்டிருக்க
போன்.
"வந்துடுச்சா சார்?"
ஷட்டருக்குக் கீழே பார்த்தேன்.
கணுக்கால் நனையாது.
"இன்னும் வரலைங்க" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு,
"வண்டி சத்தம் மாறியிருக்கே சார்" என்றார்.