முப்பத்தைந்து அங்குலம்

வில்லியனூர் சாலையில், மதியம் இரண்டரை,
தகரக் கொட்டகைக்குக் கீழே பழைய கார்கள்.
எல்லாவற்றுக்கும் ஒரே எலுமிச்சை வாசனை.
நான் கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தேன்.
டிக்கியைத் திறங்க என்றேன்.
என்ஜினைக் கேட்காமல் டிக்கியைக் கேட்பவளைத்
தரகர் செல்வரங்கம் அன்றுதான் பார்க்கிறார்.
என் வீட்டுக்காரரிடம்தான் சாவியை நீட்டினார்.
அவருக்கு ஓட்டத் தெரியாது. வாங்கி
என்னிடம் கொடுத்தார்.

மாமாவின் சக்கர நாற்காலி
மடித்தால் முப்பத்தைந்து அங்குலம்.
வாரம் மூன்று முறை கோரிமேடு, டயாலிசிஸ்.
மஞ்சக்குப்பத்திலிருந்து போக வர அறுபது கிலோமீட்டர்.
ஆட்டோவில் போனால் நாற்காலிக்கு இடமில்லை,
வாடகைக் காரில் போனால் சம்பளத்துக்கு இடமில்லை.
இவ்வளவு ஓட்டத்துக்கு டீசல் எதுக்கு,
பெட்ரோலே போதும் என்றது கணக்கு நோட்டு.
ஆறு பேர், ஒரு நாற்காலி, ஏசி, பாலம் ஏறணும்
என்று நான் நோட்டுக்குப் பதில் எழுதினேன்.

பின்பக்கம் நீண்ட வண்டி ஒன்று கடைசியில் நின்றது.
ஸ்டேஷன் வேகன், இப்ப வர்றதே இல்ல மேடம்.
வெள்ளை. புதுச்சேரிப் பதிவு. ஒரே ஓனர்.
டேப்பை விரித்தேன்: நாற்பத்தி ஒன்று.
நாற்காலி போக ஒரு அரிசி மூட்டையும் வைக்கலாம்.
அமரர் ஊர்தி மாதிரி இருக்குப்பா என்றான்
பெரியவன் கதிரொளி. அவர் அவன் தொடையில் கிள்ளினார்.
முன்சீட்டிலிருந்து மாமா சொன்னார்:
ரெண்டுக்கும் ஆகும்னா நல்லதுதானே.

நான் ஓட்டிப் பார்த்தேன். ஊசுட்டேரி வரை போய்த் திரும்பினோம்.
மூன்றாம் கியரில் அது
சோறு உண்ட மாடு மாதிரி நிதானமாக இழுத்தது.
பிடித்துவிட்டது. சொல்லக் கூடாது என்று
உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் ஹபீப் வந்தது அப்புறம்தான்.
பானெட்டைத் திறக்கவில்லை, புகை பார்க்கவில்லை.
பின்சீட்டில் உட்கார்ந்து
பெல்ட்டை இழுத்தார்.
இழுத்தார்,
இன்னும் இழுத்தார்,
யாரும் கட்டாத நீளம் வரைக்கும்.
கடைசி ஒரு சாணில் பழுப்பாய் ஒரு கோடு.
விரலால் தேய்த்து என் உள்ளங்கையில் வைத்தார்.
நைஸான வண்டல்.
அக்கா, இது தண்ணில நின்ன வண்டி.

செல்வரங்கம் ஃபோன் பேசப் போனார்.

அந்த மண்ணை எனக்குத் தெரியும்.
எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால்
இடுப்பளவில் அதே கோடு இருக்கிறது.
இரண்டு முறை பெயிண்ட் அடித்தும்
டிசம்பரில் மேலே வந்துவிடும்.
அன்றைக்கு மாமாவைக் கதவில் கிடத்தி
நாலு பேர் மாடிக்குத் தூக்கினோம்.
அப்போது அவருக்குக் கால் இருந்தது, பயத்தில் நடக்கவில்லை.
பீரோவிலிருந்த சான்றிதழ்களை
மொட்டை மாடியில் கல் வைத்துக் காயவைத்தோம்.

இந்த வண்டி எந்தத் தெருவில் நின்றதோ.

எலெக்ட்ரிக்கல் என்னைக்கு வேணா கைவிடும் என்றார் ஹபீப்.
பாலத்து மேல நின்னா, உள்ள பேஷண்ட்டு வேற.
சரி என்றேன்.
டிக்கியை நானே மூடினேன், சத்தம் வராமல்.

அடுத்த வாரம் லாஸ்பேட்டையில் ஒரு சாம்பல் நிறம்.
முப்பத்தெட்டு அங்குலம். பெல்ட் சுத்தம்.
கொஞ்சம் அதிர்கிறது, பழகிவிடும்.
முள்ளோடையில் டேங்க்கை நிரப்பினேன்,
கூப்பிடு தூரம் தாண்டினால் விலை ஏறிவிடும்.
நாற்காலி உள்ளே போய்
மூன்று விரல் இடம் மிச்சம்.
அதில் சின்னவளின் செருப்பு கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே கால்.
மாமாவுக்குப் பெல்ட் கட்டும்போது
வேண்டியதற்கு மேல் ஒரு முழம் இழுக்கிறேன்.
என்ன தேடுறே என்கிறார்.
ஒன்றுமில்லை மாமா,
சிக்குதான்னு பார்த்தேன்.