மேலே இருந்த சுவெற்றர்

ஜப்பானின் மூன்றாவது பணக்காரர் வருகிறாராம்,
ஸ்காபரோக் கடையில் இரண்டு நாளாய் நித்திரையில்லை.
முகாமையாளர் லோர்னா முழந்தாளிட்டு
தரையில் ஒட்டிய சூயிங்கத்தை நகத்தால் சுரண்டினாள்.

வந்தார் தொகாஷி.
சஞ்சிகை அட்டையில் பார்த்ததைவிடக் குள்ளம்.
தோளில் பனி. தட்டிவிட ஒருவருக்கும் துணிவில்லை.
நான் அடுக்கிய சாம்பல்நிறச் சுவெற்றரில் ஒன்றை எடுத்தார்,
உதறினார்,
கை இரண்டும் உள்ளே, கழுத்து மேலே,
நாலு விநாடி.

தகப்பனின் தையற்கடையில் பழகிய கை என்று
பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்.
எனக்கென்னவோ
என் மடிப்பில் பிழை பிடித்த கை.

அவர் போனபின்
அந்த ஒன்றை விற்காதே என்றாள் லோர்னா.
கண்ணாடிப் பெட்டி வாங்கலாமா என்றுகூடப் பேச்சு.
ஏழு கிழமை மேலேயே இருந்தது.
தூசி தட்டியது நான்தான்.

மாசியில், மைனஸ் இருபத்தாறில்,
பஸ்ஸைத் தவறவிட்ட பெடியன் ஒருவன்
மெல்லிய சட்டையோடு உள்ளே வந்தான்.
நடு அளவு கேட்டான். அதைவிட்டால் வேறில்லை.
லோர்னா சாப்பாட்டுக்குப் போயிருந்தாள்.

இருபத்தொன்பது டொலர் தொண்ணூறு சதம்.
அங்கேயே நின்று தலைவழியே இழுத்துப் போட்டான்.
நெஞ்சுக்குக் குறுக்கே அந்த மடிப்பு
கொஞ்ச நேரம் கோடாய்த் தெரிந்தது.

பை வேண்டாமாம்.