ஒரு திருகாணி மிச்சம்

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
விசிறி இறக்கைகளில்
மூன்று ஏழாம் மாதங்களின் சாம்பல்.
கீழே எரித்த காகிதப் பணம்
ஒன்பதாம் மாடிவரை ஏறி வந்து
எங்கள் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு
பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டினேன்.
கிராஃபிக்ஸ் கார்டு கனம்,
லாரி குலுங்கினால் தொங்கி முறியும்.
தனியே எடுத்துப் பெட்டியிலிட்டேன்.
ஒவ்வொரு வயருக்கும் ஒட்டுத்தாளில் ஒரு பெயர்.

மானிட்டரை ஹைதர் தூக்கினான்.
“திரை உன் நெஞ்சுப் பக்கம் இருக்கட்டும்.”
பதினோரு நாளில்
அவனிடம் நான் பேசிய முதல் வாக்கியம்.

பொங்கோலில் மழை.
லாரியிலிருந்து லிஃப்ட்வரை
குடை கணினிக்கு.
நாங்கள் நனைந்தோம்.

உடனே பிளக்கைச் செருகக் கூடாது.
ஈரம் போகட்டும், ஒரு மணி நேரம்.
வைஃபை வரவில்லை, நாற்காலிகளும் வரவில்லை.
கீழே போய்க் கோப்பி வாங்கி வந்தான்.
எனக்கு சியூ தாய்,
சொல்லாமலே.
தரையில் உட்கார்ந்து
கணினி காயக் காத்திருந்தோம்.

பிறகு பொத்தானை அழுத்தினேன்.
விசிறி சுற்றியது.
என் உள்ளங்கையில்
எந்த ஓட்டையிலிருந்து வந்ததென்று தெரியாத
ஒரு திருகாணி.

“ஓடுதுல்ல, விடு” என்றான்.

விடவில்லை.
மறுபடி தகட்டைத் திறந்தேன்.
டார்ச்சை அவன் பிடித்தான்.