பதினோரு நாட்கள்

சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்
டிசம்பர் முப்பத்தொன்றோடு செத்துப்போனது.
கண்ணாடிச் சட்டத்துக்குள்
பழைய மாதிரியே நிமிர்ந்து நின்றதால்
யாரும் துக்கம் விசாரிக்கவில்லை.

அக்டோபரிலேயே பணம் கட்டியவள் நான்.
ரசீது இருக்கிறது. ஆறு மின்னஞ்சல் இருக்கிறது.
உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று
ஆறும் ஒரே குரலில் பேசின.
தொலைபேசியில் வயலின் வாசித்தார்கள்.
இருபத்து நாலாவது நிமிடத்தில்
வயலின் அறுந்தது.

சட்டத்துக்கு வளவள கிடையாது.
சான்றிதழ் இல்லாத நாளில் வீடு விற்றுக் கொடுத்தால்
தரகுக் கூலி இல்லை.
வாங்கிவிட்டால், திருப்பிக் கொடு.

அது ஏன் என்றும் எனக்குத் தெரியும்.
சில்வர்கிளென்னில் ஒருவன் இருந்தான்.
பளபளவென்று சப்பாத்து, வாய் நிறைய 'அக்கா'.
பதினேழு குடும்பங்களின் முன்பணத்தோடு
ஒரு வெள்ளிக்கிழமை காணாமல் போனான்.
அவன் சுவரில் எதுவுமே மாட்டியிருக்கவில்லை.

ஆனால்
அறுபத்து மூன்றில், கேட்டோ மேனரில்,
அப்பாவின் மனைக்கு விலை எழுதிய அதிகாரியிடம்
எல்லாத் தாளும் இருந்தன.
முத்திரை கோணாமல் விழுந்திருந்தது.
அன்றுமுதல் எங்கள் குடும்பத்தில்
முத்திரையையும் நம்புவதில்லை,
முத்திரை இல்லாதவனையும் நம்புவதில்லை.
இந்தத் தொழிலுக்கு இது நல்ல தகுதி.
தேர்வில்தான் இதைக் கேட்கவில்லை.

ஜனவரி ஒன்பது. குரோஃப்ட்டீனில் ஒட்டுச்சுவர் வீடு.
இந்தப் பக்கம் தும்மினால்
அந்தப் பக்கம் நூறு ஆயுசு சொல்லும்.
விற்பவர் தனபாலன் படையாச்சி,
சர்க்கரைக் கிடங்கில் ஓய்வு பெற்றவர்.
வாங்குபவர் புஸிஸிவே ஷாங்கே,
இரவுப்பணி முடித்து
நர்ஸ் உடுப்போடு வந்திருந்தார்.

குறைகள் படிவம்.
கூரை ஒழுகுமா? இல்லை.
சுவரில் ஈரம் உண்டா? இல்லை.
அனுமதி இல்லாமல் கட்டியது? இல்லை, இல்லை.
படையாச்சியின் பேனா வழுக்கிக்கொண்டு போனது.

அலமாரியை நகர்த்தி விரலை வைத்தேன்.
ஏப்ரல் வெள்ளத்தைச் சுவர் இன்னும் விழுங்கவில்லை.
பூச்சு, நனைந்த ரொட்டிபோல, நகத்தோடு வந்தது.
"அதான் வெள்ளை அடிச்சாச்சே அம்மா."
ஈரம் உண்டு, என்று திருத்தினோம்.
பின்னறைக்கு வரைபடம் இல்லை, என்றும்.
விலையில் நாற்பதாயிரம் ராண்ட் இறங்கியது.
படையாச்சியின் முகமும்.

கையெழுத்துக்கு முன்னால்
எனக்கு என் சுவர் ஞாபகம் வந்தது.
அந்தப் படிவத்தில் தரகருக்கு ஒரு கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
தரகரின் சான்றிதழ் காலாவதி. ஒன்பது நாள்.

"அப்போ வீடு எனக்கில்லையா?" என்றார் ஷாங்கே.
"வீடு உங்களுக்குத்தான்.
கூலிதான் எனக்கில்லை."

படையாச்சி அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார்.
ஐந்து சதவீதத்தை
மனக்கணக்காகவே போட்டு முடித்தார்.

பன்னிரண்டாம் தேதி சான்றிதழ் வந்தது.
பிரிண்டரில் மஞ்சள் மை தீர்ந்திருந்தது.
அரசுச் சின்னத்துக்கு
காமாலைக்கு எதிரான ஏதோ வியாதி.
அப்படியே மாட்டினேன்.

மார்ச்சில் ஷாங்கே அழைத்தார்.
"சுவரில் ஈரம் இருக்கு."
"எழுதியிருந்தோமே."
"படிச்சேன். எப்படிக் காய வைக்கிறதுன்னுதான் எழுதலை."
அரைமணி நேரம் பேசினோம்.
அதற்கும் கூலி கிடையாது.

படையாச்சி?
விற்ற வாரமே வந்தார், காரை அணைக்காமல்.
ஒரு பை லைச்சி. கிளையோடு, இலையோடு.
"காசு கொடுத்தா தப்புன்னு நீதானே சொன்னே."

கூலி என்ற சொல்லில் பழம் அடங்குமா என்று
சட்டத்தின் விளக்கப் பகுதியைப் புரட்டினேன்.
பக்கங்கள் ஒட்டிக்கொண்டன.
பதில் கிடைப்பதற்குள்
மேசைமேல் இருபத்தாறு கொட்டைகள்.