இருநூற்று இருபத்திரண்டாவது மணி

வாழைச்சேனைத் துறையில்
கருவாடு காயும் பாய்க்குக் கீழே
ஒரு கரண்டி மண், மூக்கைப் பொத்தி எடுத்தது.
அதற்குள்ளேதான் இருந்தது.
குப்பியில் வா-17 என்று எழுதினோம்.

அது சுரக்கும் நொதியம் புரதத்தை வெட்டும்.
இரத்தம், முட்டைக்கரு, பிள்ளை கக்கின பால்,
எதுவென்றாலும் வெட்டும்.
வெட்ட வேறொன்றும் கிடைக்காவிட்டால்
தன்னையே வெட்டும்.
திங்கள் நிறைத்த குப்பியை வெள்ளி திறந்தால்
உள்ளே வெறும் தண்ணீர்.
"தன்ட வயித்தத் தானே தின்னுற சனியன்"
என்றாள் நேசமலர், குப்பிகளைக் கழுவியபடி.

வெளுப்புத் தூள் சேர்ந்தால் இன்னும் மோசம்.
பத்து நிமிஷத்தில் செத்துவிடும்.
காரணம் தெரியும்:
இருநூற்று எழுபத்தைந்து மணி கோத்த மாலையில்
இருநூற்று இருபத்திரண்டாவது, மெதியோனின்.
அதன் கந்தகத்தில் ஒட்சிசன் வந்து குந்தும்.
குந்தினால் வாய் திறக்காது.
அந்த ஒன்றைக் கழற்றி இன்னொன்றைக் கோக்கவேண்டும்.
கோத்துப் பார்க்கப் பத்தொன்பது இருக்கின்றன.

இதையெல்லாம் எப்போதோ செய்துவிட்டார்கள், வேறு நாட்டில்,
சுடுதண்ணீர் வரும் இயந்திரங்களுக்கு.
வந்தாறுமூலைக் கிணற்றில் சவுக்காரம் நுரைப்பதில்லை.
உவர் அவர்களின் கணக்கில் இல்லை.

எது வெட்டுகிறது என்று பார்க்கப் பால்மாத் தட்டு வேண்டும்.
அது பால்மா இல்லாத வருஷம்.
செங்கலடியில் காலை ஐந்து மணி வரிசை.
பின்னால் நின்றவவின் இடுப்பில் பிள்ளை.
"உங்கட பிள்ளைக்கு எத்தன மாசம் கா?"
பதினேழு, என்றேன்.
நானூறு கிராம் பைக்கற்றை
மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்,
திரும்பிப் பார்க்கவில்லை.

கரண்ட் போனால் மீன்வாடியில் ஐஸ் வாங்கினோம்.
ஏறாவூர்க் கோழிக்கடையில் றஸீன் கேட்டான்,
"இரத்தம் எதுக்கு மிஸ்?"
கழுவ.
அதற்குப் பிறகு அவன் எங்களிடம் காசு வாங்கவில்லை,
பயத்தினாலோ என்னவோ.

ஒன்று முதல் பத்து வரை தட்டுகள் வெள்ளையாகவே கிடந்தன.
பதினோராவதில், மெதியோனின் போய்ச் செரின் வந்த இடத்தில்,
வெள்ளைக்குள் ஒரு கண்ணாடி வட்டம்.
வட்டத்தின் வழியே மேசையின் கீறல் தெரிந்தது.
வெளுப்புத் தூளில் ஒரு மணி நேரம்,
உவர்த் தண்ணீரில், சூடாக்காமல்,
கோழி இரத்தம் துணியை விட்டுக் கழன்று போனது
வாடகை முடிந்த ஆள் போல.
அன்று நான் இரண்டு ரோல்ஸ் தின்றேன்.

நேசமலர் ஒரு குப்பியை வீட்டுக்குக் கொண்டுபோனது
எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை வந்து மேசையில் விரித்தாள்:
மாம்பழ மஞ்சள் பட்டு.
மூன்று இரவு ஊறவைத்தாளாம்.
மடிப்பில் விரல் வைத்தேன்.
விரல் மறுபக்கம் வந்தது.

"இரத்தத்தத் திண்டது சரி.
என்ட பட்டு என்ன செஞ்சது அதுக்கு?"

பட்டும் புரதம், நேசம்.
கறை என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.
அந்தச் சொல் நம்முடையது.
அதற்குத் தெரிவது ஒரு கணு,
வாய்க்குப் பொருந்தினால் வெட்டு.
இதைச் சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.
அவள் பட்டைப் புரட்டி
முந்தானையில் ஒரு இடத்தைக் காட்டினாள்.

கலியாணம் முடிந்த நாலாம் நாள்
கோயில் வாசலில் விழுந்த கஜுப்பழச் சாறு,
பதினாறு வருஷம் பழையது.
சுற்றிலும் இழைகள் சிலந்தி வலையாய்ப் போயிருக்க
நடுவில் அது மட்டும்
நேற்றுச் சிந்தியது போல் கபிலமாய்,
கெட்டியாய்.

அவள்தான் முதலில் சிரித்தாள்.
பிறகு கத்தரிக்கோலை எடுத்து
கரையில் ஒரு சாண் வெட்டி என்னிடம் நீட்டினாள்,
"பன்ரெண்டாவதுக்கு வையுங்க."

குறிப்பேட்டில் எழுதினேன்:
வா-17, பதினோராவது. இரத்தம், ஆம்.
பட்டு, ஆம்.
கஜு, இல்லை.