துளை ஒன்று கூடுதல்

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.
நீலப் பெயின்ட், வெள்ளைப் பட்டை,
மகள் பெயர், பதிவு எண்.
பண்ருட்டிக்காரன் பலாவைத் தட்டுவதுபோல்
சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே வந்தான் சகாயராஜ்.
டக், டக், டக் என்று வந்த சத்தம்
எஞ்சின் மாட்டும் இடத்தில்
தொப்பென்று விழுந்தது.
"உள்ள செத்துப்போச்சுண்ணே."

கிரைண்டர் போட்டு உள்தோலை அறுத்தோம்.
உப்பனாற்றங்கரையில் வெள்ளைத் தூசி,
ஒவ்வொரு பொடியும் ஒரு முள்.
தேங்காயெண்ணெய் தடவியிருந்தும்
மூன்று ராத்திரி சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அஞ்சலாட்சி என் கைலியைத்
தனி வாளியில் போட்டு, குச்சியால் கிண்டினாள்.

தோலுக்குள் பிளைவுட் இல்லை.
அது இருந்த இடத்தில்
டீக்கடை வடிகட்டியைத் தட்டிய சக்கை.
கையால் அள்ளலாம். பிழிந்தால் தண்ணீர்,
கறுப்பாய், புளித்த வாடையோடு.
இதை நம்பியா எஞ்சினை முடுக்கிக்கொண்டு
இருபது பாகம் தாண்டிப் போய் வந்தேன்?

தணிகாசலத்தைத் திட்டினேன், பழக்கத்தில்.
எட்டு குதிரை போதும் என்றேன் அன்றைக்கு;
பதினைந்தைக் கொண்டுவந்து மாட்டினான்.
விரல் நீளத்துக்கு வெடிப்பு விட்டபோது
சிங்காரத்தோப்பே கூடியிருந்த பஞ்சாயத்தில்
யார் பண்ண வேலை இது என்று கேட்டேன்.
பங்கைப் பிரித்துக்கொண்டு போனான்.
வலையில் பாதி, கடனில் பாதி.
ஐந்து வருஷம்.
என் அப்பா சாவுக்கு வந்தான்,
பந்தலில் என்னைத் தாண்டிப்போய் உட்கார்ந்தான்.

சகாயராஜுக்கு இதெல்லாம் தெரியாது.
உளியால் கொத்திக்கொண்டே சொன்னான்:
"வெயிட்டால போகலண்ணே.
போல்ட்டைச் சுத்தி ஒரு வட்டம் பாருங்க,
மரம் இன்னும் மஞ்சளா, கெட்டியா.
பதினஞ்சு என்ன, இருபத்தஞ்சையும் தாங்கியிருக்கும்.
ஊறல் தொடங்குன இடம் இது."

வலது மூலை.
காது குத்திய அளவு ஒரு துளை.
அங்கிருந்து கறுப்பு
விசிறி விரித்தாற்போல் கீழே இறங்கியிருந்தது.

பேட்டரி விளக்குக்கு ஒரு கிளிப்.
நான்தான் போட்டேன்.
படகு வாங்கிய வருஷம், பொங்கலுக்கு முந்தின நாள்.
ட்ரில் தணிகாசலத்தினுடையது.
நீட்டும்போது ஏதோ சொன்னான், காதில் வாங்கவில்லை.
அடுத்த மழைக்கே விளக்கு போயிற்று.
கிளிப்பைக் கழற்றினேன்.
துளையை விட்டுவிட்டேன்.

முதுநகரில் பிளைவுட் கிடைத்தது.
ரெசின் புதுச்சேரியிலிருந்து,
பஸ்ஸில், மடியில்.
"யாருய்யா நகப்பூச்சு திறந்து வச்சிருக்கிறது?"
என்று கத்தினார் கண்டக்டர்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்னி நட்சத்திரம்.
ஹார்டனர் ஒரு சொட்டு கூடினாலும்
மக்கிலேயே புகைந்து கல்லாகிவிடும்.
இரண்டு மக் அப்படிப் போனது.
பிறகு விடிவதற்கு முன் கலந்தோம்,
ஃபோன் வெளிச்சத்தில்.
கிளாம்ப் ஆறுதான் இருந்தது;
மீதிக்குச் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்து
ஆளுக்கொரு பக்கம் முதுகை வைத்து அழுத்தினோம்.
சூடேறியது பலகை,
காய்ச்சல் பிள்ளையின் நெற்றி மாதிரி.

கடைசியில் போல்ட் துளைகள்.
பெரிதாகத் துளைத்து, பசையால் அடைத்து,
காய்ந்தபின் அடைத்த இடத்திலேயே
மறுபடி சின்னதாக ஒரு துளை.
"பைத்தியக்கார வேலையா இருக்கே."
"தண்ணிக்கு நம்மளவிடப் பொறுமை அதிகம்ணே."

சக்கையெல்லாம் மூட்டை கட்டிப் போட்டாயிற்று.
அந்த வலது மூலைத் துண்டு மட்டும்
வண்டிப் பெட்டிக்குள் கிடக்கிறது,
பெட்ரோல் போட மூடியைத் திறந்தால் நாறுகிறது.

வெள்ளோட்டம் முடிந்த அன்றைக்கு
தணிகாசலத்துக்கு ஃபோன் போட்டேன்.
மூன்றாவது தடவை எடுத்தான்.
கடலில் இருந்தான் போல, ஒரே காற்று.
பின்பலகை மாத்திட்டேன், என்றேன்.
பழசு எப்படிப் போச்சு என்று கேட்பான்,
பதிலை வாயில் அடக்கி வைத்திருந்தேன்.

"எத்தனை எம்.எம்.?"
பதினெட்டு, ரெண்டு சேர்த்து.
"ம்."
எஞ்சினைக் குறைத்தான். காற்று மட்டும்.

"துளைக்கெல்லாம் பசை பூசினியா?"